குறித்த நாள் கடந்த பின்: ஒரு சமயக் குழுவின் மறுமொழியை ஆராயும் முறை

உலக முடிவுக்கு நாள் குறித்த ஒரு குழு, அந்த நாள் கடந்துபோன பிறகு என்ன செய்தது என்பதை ஆராய விரும்புகிறவர், முதலில் அந்தக் கணிப்பைச் சரியாக எழுதிக்கொள்ள வேண்டும். எந்த வசனம், எந்தக் கணக்கு, எந்த நாள், அன்று எங்கே என்ன நடக்கும் என்பவற்றை நாள் கடப்பதற்கு முன்பு அச்சான ஏடுகளிலிருந்தே எடுக்க வேண்டும். பின்னர் தரப்படும் விளக்கங்கள் பெரும்பாலும் இவற்றுள் ஒன்றை விட்டுக்கொடுத்து மற்றவற்றைக் காப்பாற்றுபவை.

பயிற்சிக்கு வில்லியம் மில்லரின் இயக்கம் மிகவும் ஏற்றது. நியூயார்க் மாநிலத்தின் லோ ஹாம்ப்டனில் வாழ்ந்த இந்த விவசாயி, 2300 இராப்பகல் சென்றபின் பரிசுத்த ஸ்தலம் சுத்திகரிக்கப்படும் என்னும் விவிலிய வசனத்தில் (தானியேல் 8:14) வரும் நாட்களை 2300 ஆண்டுகளாகவும், அந்த ஸ்தலத்தைப் பூமியாகவும் கொண்டு, எருசலேமைப் பற்றிய பாரசீக அரசன் அர்தசஷ்டாவின் கட்டளை பிறந்ததாகக் கருதப்பட்ட கி.மு. 457-இலிருந்து எண்ணி, 1843 மார்ச் 21-க்கும் 1844 மார்ச் 21-க்கும் இடையில் கிறிஸ்து திரும்பி வருவார் என்று போதித்தார். அந்த ஓராண்டு கடந்ததும், இது பத்துக் கன்னிகைகள் உவமையில் மணவாளன் தாமதித்த காலம் என்று விளக்கம் தரப்பட்டது. 1844 ஆகஸ்டில் எக்ஸிடரில் நடந்த முகாம் கூட்டத்தில் இயக்கத்தின் போதகர் சாமுவேல் ஸ்னோ, ரபிகளின் மரபை ஏற்காத காரைட் யூதர்களின் நாட்காட்டிப்படி பாவநிவிர்த்தி நாளான அக்டோபர் 22-ஐ முன்வைத்தார். மில்லரோ அக்டோபர் தொடக்கத்தில்தான் அந்த நாளை ஏற்றார். தலைவர் தயங்கி நிற்க, கீழிருந்து எழுந்த எதிர்பார்ப்பு அவரையும் இழுத்துச் சென்றதை இங்கே கவனிக்க வேண்டும்; குருவே எல்லாவற்றையும் திட்டமிட்டார் என்ற முன்முடிவோடு படிப்பவருக்கு இது தென்படாது.

அடுத்து, அக்டோபர் 22-உம் வெறுமனே கடந்த பின் எது கைவிடப்பட்டது, எது காக்கப்பட்டது என்று பிரித்துப் பாருங்கள். மில்லர் தம் கணக்குப் பிழைபட்டதை ஒப்புக்கொண்டார். ஆனால் வருகை அண்மையில் உள்ளது என்ற நம்பிக்கையை 1849-இல் இறக்கும்வரை விடவில்லை. இயக்கத்தைச் சேர்ந்த ஹைரம் எட்சனும் அவருடைய நண்பர்களும் நாளைக் காத்து நிகழ்வை மாற்றினர்: சுத்திகரிக்கப்படவேண்டிய பரிசுத்த ஸ்தலம் பூமியன்று, அது பரலோகத்தில் உள்ளது, அன்று கிறிஸ்து அங்கே தம் ஊழியத்தின் புதிய கட்டத்தைத் தொடங்கினார் என்றனர். கண்ணால் சரிபார்க்கக்கூடிய கூற்று, சரிபார்க்க இயலாத இடத்துக்கு நகர்ந்தது இங்கேதான். இந்தக் கிளையிலிருந்தே 1863-இல் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை முறையாக அமைந்தது. கதவு அடைபட்டுவிட்டது, வெளியாருக்கு இனி இரட்சிப்பில்லை என்று இவர்களுள் பலர் சில காலம் நம்பியதையும் குறித்துக்கொள்ளுங்கள். கணிப்பு பொய்த்த ஏமாற்றம் பிரசாரத்தைத் தூண்டும் என்ற பொதுவிதிக்கு அது பொருந்தவில்லை. அந்த விதியை முன்வைத்த உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரின் குழு, 1954-இல் சிகாகோ அருகே பேரழிவுக்கு நாள் குறித்துக் காத்திருந்த ஒரு சிறு வட்டத்துக்குள் அடையாளத்தை மறைத்து நுழைந்த ஆய்வாளர்களைக் கொண்டே தகவல் திரட்டியது. ஆகவே அதை எச்சரிக்கையோடு கையாள வேண்டும்.

ஒவ்வொரு சான்றும் எழுதப்பட்ட காலத்தைக் குறித்துவைப்பது மிக முக்கியம். விடியும்வரை அழுதோம் என்றும், மறுநாள் காலையில் சோளக்கொல்லையைக் கடக்கையில் தெளிவு பிறந்தது என்றும் கூறும் எட்சனின் குறிப்பு, பல ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்டது. அழுகை உண்மையாக இருக்கலாம். ஆனால் ஒரே காலையில் முழுக் கோட்பாடும் துலங்கியது என்ற அமைப்பு, பிந்தைய நினைவு தந்த ஒழுங்காகவும் இருக்கலாம். எதிர்த்தரப்பின் கதைகளுக்கும் இதே சோதனை வேண்டும். வெண்ணிற அங்கி அணிந்து கூரைமேல் காத்திருந்தார்கள் என்ற கதை நெடுங்காலம் சொல்லப்பட்டாலும், அதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. நம்பியவர்களை அவமதிக்கும் இத்தகைய செய்தியை ஆய்வில் சேர்ப்பது அநீதி என்றே கருதுகிறேன்.

கடைசியாக, விலகியவர்களைத் தேடுங்கள். நிலைத்த சபைக்கு வரலாறு எழுத ஆள் உண்டு, கலைந்தவர்களுக்கு இல்லை. சிலர் மணம் துறந்து பொதுவுடைமையாக வாழ்ந்த ஷேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவின் சமூகங்களில் சேர்ந்தனர், சிலர் பழைய திருச்சபைக்குத் திரும்பினர், சிலர் எதிலும் சேரவில்லை. அறுவடையை வயலிலேயே விட்டவர்கள் அந்தக் குளிர்காலத்தை எப்படிக் கழித்தார்கள் என்பதை அறிய, கோட்பாட்டு நூல்களை மூடிவைத்துவிட்டு, உள்ளூர்ச் செய்தித்தாள்களையும் குடும்பக் கடிதங்களையும் சபைப் பதிவேடுகளில் நீக்கப்பட்ட பெயர்களையும் பொறுமையாகப் படிக்க வேண்டும்.