தசை வலிமையை வீட்டிலேயே அளப்பது, கூட்டுவது எப்படி? ஒரு நாற்காலி போதும்

ரத்த அழுத்தம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று கேட்டால் பலரும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். காலில் எவ்வளவு பலம் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. 30 வயதைத் தாண்டியதும் பத்தாண்டுக்குச் சுமார் 3 முதல் 8 சதவீதம் தசை குறைகிறது. 60-க்கு மேல் வேகம் கூடுகிறது. முதுமையில் வரும் இந்தத் தசை இழப்புக்கு 'சார்கோபீனியா' என்று 1989-இல் பெயர் வைத்தவர் அமெரிக்க ஆய்வாளர் இர்வின் ரோசன்பெர்க். அமெரிக்காவில் இதை ஒரு நோயாகப் பதிவு செய்யத் தனிக் குறியீடு கிடைத்தது 2016-இல்தான்!

கால் பலம் குறைந்து வயதானவர் ஒருவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், பார்த்துக்கொள்ளும் ஆளின் வேலை, ஆஸ்பத்திரிச் செலவு என்று எல்லாமே இழுபடும். அதனால் இதை அவரவர் பாடு என்று விடுவது சரியில்லை.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: அளந்து பாருங்கள்

நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். சக்கரம் வைத்தது வேண்டாம். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, முடிந்த வேகத்தில் ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். ஐந்தாவது முறை முழுதாக நிமிர்ந்ததும் நேரத்தைக் குறியுங்கள். வயதானவர்கள் செய்தால் பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். சார்கோபீனியா பற்றிய ஆசிய நிபுணர் குழுவின் 2019 வரையறைப்படி, முதியவர்களுக்கு 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். இது நோய் முடிவு அல்ல, டாக்டரிடம் பேச ஒரு காரணம்.

படி 2: அதையே பயிற்சியாக்குங்கள்

பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வையுங்கள். மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை முன்னால் சாய்ந்து எழுங்கள். உட்காரும்போதுதான் பலர் தொப்பென்று விழுகிறார்கள், பாதிப் பயிற்சி அங்கேயே வீணாகிறது. மூன்று எண்ணியபடி மெதுவாக இறங்குங்கள். தொடை நடுங்கினால் பயம் வேண்டாம், தசை வேலை செய்கிறது என்று அர்த்தம். மூட்டில் குத்தல், நெஞ்சுவலி, தலைசுற்றல் வந்தால் மட்டும் உடனே நிறுத்துங்கள்.

8 முதல் 10 முறை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடியும் ஒரு சுற்று. எழவே முடியவில்லையா? இருக்கையில் தலையணை போட்டு உயர்த்துங்கள், கைகளையும் ஊன்றிக்கொள்ளலாம். கடைசி இரண்டு முறை சுலபமாக இருந்தால், புத்தகங்கள் போட்ட பையை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். சுமை கூடாமல் பலம் கூடாது.

படி 3: மற்ற தசைகள்

சுவரில் கை ஊன்றித் தள்ளுதல், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துதல். ஆரம்பத்துக்கு இவை போதும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 2 நாளாவது தசைப் பயிற்சி வேண்டும் என்கிறது. 5 முதல் 17 வயதினருக்கு 3 நாள். 'நான்தான் தினமும் நடக்கிறேனே' என்பவர்களுக்கும் சேர்த்துத்தான். நடை இதயத்துக்கு நல்லது, ஆனால் தசைப் பயிற்சிக்கு அது ஈடாகாது.

படி 4: சாப்பாடு

பயிற்சி மட்டும் செய்து புரதத்தை விட்டுவிடாதீர்கள். முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் என்று பல நிபுணர்கள் பரிந்துரைக்கிறார்கள். 60 கிலோ எடை என்றால் நாளுக்கு 60 முதல் 72 கிராம். ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று வேளைக்கும் பிரியுங்கள். சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான்.

படி 5: படுக்கையில் விழும் நாட்கள்

காய்ச்சல், அறுவை சிகிச்சை என்று படுத்தால் தசை வேகமாகக் கரையும். டாக்டர் அனுமதித்ததும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து எழுவதிலிருந்தே தொடங்கலாம். 'இந்த வயதில் என்னத்துக்கு' என்பவர்களுக்கு ஒரு செய்தி: 1990-இல் வெளியான ஓர் ஆய்வில், 90 வயதை ஒட்டிய, பலவீனமான முதியவர்கள் 8 வாரம் எடைப் பயிற்சி செய்தார்கள். அவர்களுடைய கால் பலம் இரு மடங்குக்கும் மேல் கூடியது.

அப்புறம், இரண்டு மாதம் கழித்து அதே நாற்காலியில் மறுபடி அளந்து பாருங்கள். உயரம் மாறினால் கணக்கும் மாறிவிடும்.