ரெலிக் கிட்டாரில் பாகம் மாற்றும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபெண்டரின் கஸ்டம் ஷாப் 1995-இல் ரெலிக் (பழையதுபோல் தேய்ந்த தோற்றம் கொடுத்த புதுக் கிட்டார்) வரிசையை அறிமுகப்படுத்தியது. 2009-இல் வந்த ரோட் வோர்ன் வரிசை அதே தேய்ந்த தோற்றத்தைக் குறைந்த விலைக்குக் கொண்டுவந்தது. இன்று பல நிறுவனங்கள் புதுக் கிட்டாரை உரசி, உரித்து, உலோகத்தில் துருவேற்றி விற்கின்றன. வாங்கியவர்களில் பலர் சில மாதங்களிலேயே "பார்க்கப் பழசு, கேட்கப் பழசாக இல்லை" என்று ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்கிறார்கள்.

ஆலையில் பழசாக்கப்படுவது வெளிப்புறம் மட்டுமே. பிக்கார்டை (உடலின் முன்பக்கத் தகடு) திறந்தால் உள்ளே இருக்கும் பாட் (வால்யூம், டோன் குமிழ்களின் மாறும் மின்தடை), கெப்பாசிட்டர், ஸ்விட்ச், ஒயர் எல்லாம் அந்த வருடத்துச் சரக்கு. ஆகவே எந்தப் பாகத்தை மாற்றினால் பலன் கிடைக்கும் என்பதைத் தோற்றத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. போதாக்குறைக்கு, தோற்றத்துக்காக ஏற்றிய துருவும் மெலிதாக்கிய லாக்கரும் (மரத்தின் மேல் பூச்சு) பாகங்களைக் கழற்றும்போது தொல்லை கொடுக்கும். சாதாரணக் கிட்டாரில் ஒரு மணி நேரத்தில் முடியும் வேலைக்கு இதில் அரை நாள் ஒதுக்குங்கள்.

செட்டப் (உயரம், இடைவெளிச் சீரமைப்பு) பார்க்காமல் பிக்கப் வாங்குவது

அதிகம் நடக்கும் தவறு இதுதான், பணத்தை அதிகம் தின்பதும் இதுதான். டோன் மந்தமாக இருந்தால் முதலில் புதுக் கம்பி மாட்டுங்கள். அடுத்து பிக்கப்பின் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் காந்தச் சுருள்) உயரத்தை அளந்து பாருங்கள். ஸ்ட்ராட் (ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகைப் பிக்கப்புக்கு, கடைசி ஃப்ரெட்டை (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) அழுத்திக்கொண்டு, கம்பியின் அடிப்பக்கத்துக்கும் காந்தத்தின் தலைக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். தடித்த ஈ (E) கம்பிப் பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய ஈ கம்பிப் பக்கம் 2 மி.மீ. என்பது நல்ல தொடக்கம். இதைவிட மிக அருகில் இருந்தால் காந்தம் கம்பியைப் பிடித்து இழுக்கும். தடித்த கம்பியில் 12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே வாசித்தால் ஒரே ஸ்வரம் இரண்டாகப் பிரிந்து அலைவதுபோல் கேட்கும், இன்டொனேஷன் (கழுத்து முழுக்கச் சுருதி சரியாக இருக்கச் செய்யும் சீரமைப்பு) எவ்வளவு திருகினாலும் நிற்காது. "பிக்கப் சரியில்லை" என்று சொல்பவர்களில் நிறையப் பேருக்கு இருப்பது இந்தக் கோளாறுதான். அரைச் சுற்று அரைச் சுற்றாக இறக்கிக் கேட்டுப் பாருங்கள். பிரிட்ஜ் (உடலில் கம்பிகள் முடியும் தாங்கி) பக்கத்துப் பிக்கப் மற்றவற்றைவிடக் கொஞ்சம் கம்பிக்கு நெருங்கி இருக்கலாம், அங்கே கம்பியின் அசைவு குறைவு.

நட்டையும் (கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகள் உட்காரும் பள்ளமுள்ள துண்டு) பாருங்கள். மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தினால், முதல் ஃப்ரெட்டுக்கு மேலே கம்பிக்குக் கீழ் ஒரு நூலிழை இடைவெளி மட்டும் தெரிய வேண்டும். அதற்கு மேல் இருந்தால் முதல் இரண்டு மூன்று ஃப்ரெட்களில் சுருதி ஏறி ஒலிக்கும். அறவே இல்லையென்றால் திறந்த கம்பி கரகரக்கும். ஜி கம்பியைச் சுருதி சேர்க்கும்போது 'டிங்' என்ற சத்தத்தோடு தாவினால், பள்ளம் அந்தக் கம்பிக்குக் குறுகல் என்று அர்த்தம். ட்யூனரை (கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் திருகாணி) மாற்றி இது தீராது, நட் ஃபைல் ஒன்றால் பள்ளத்தைச் சரி செய்தாலே போதும்.

ரெலிக் கிட்டாருக்கே உரிய இன்னொரு சங்கதி: அமிலத்தில் காட்டிப் பழசாக்கிய சேடிலில் (பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியையும் தாங்கும் சிறு துண்டு) கம்பி உட்காரும் இடம் சொரசொரப்பாக இருக்கும். கம்பி எப்போதும் சேடில் பக்கமே அறுந்தால் சந்தேகமே வேண்டாம். 1000 கிரிட் தாளை மடித்து அந்தப் பள்ளத்தை மட்டும் மென்மையாகத் தேய்த்துவிடுங்கள். சுற்றியுள்ள துருவைத் தொட வேண்டியதில்லை.

கேபிளையும் மறந்துவிடுகிறார்கள். சாதாரணக் கேபிளில் மீட்டருக்கு 100 பிகோஃபாரட் வாக்கில் கெப்பாசிட்டன்ஸ் இருக்கும். 6 மீட்டர் கேபிள் என்றால் 600. பிக்கப்பின் கூர்மை எந்த அலைவரிசையில் எழுகிறது என்பதை இது நேராகவே கீழே இறக்குகிறது. 3 மீட்டர் கேபிளில் வாசித்துப் பார்த்துவிட்டுப் பிறகு பிக்கப்பைப் பற்றி யோசிக்கலாம்.

துருப்பிடித்த திருகோடு மல்லுக்கட்டுவது

பழசாக்கிய திருகின் தலை ஏற்கெனவே அரிக்கப்பட்டிருக்கும். அளவு சேராத முனையை வைத்துத் திருகினால் ஒரே முறையில் தலை மொட்டையாகிவிடும். பிக்கார்டு, ட்யூனர் திருகுகளுக்கு 1-ஆம் எண் பிலிப்ஸ், கழுத்துத் திருகுகளுக்கு 2-ஆம் எண். முனையை நன்றாக அழுத்திப் பிடித்து, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை திருப்பி, துருவின் பிடி விட்ட பிறகு கழற்றுங்கள். அப்போதும் அசையாவிட்டால் சால்டரிங் அயர்னின் முனையைத் திருகின் தலையில் அரை நிமிடம் வைத்தால் சூட்டில் இளகும். ஆனால் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் சூடு பட்டால் உருகும், எளிதில் தீப்பிடிக்கவும் செய்யும். லாக்கரை ஒட்டி இருக்கும் திருகுக்கு இந்த வைத்தியம் வேண்டாம். மரத்துக்குள் திருகு முறிந்தால் அதை எடுக்கத் துளையைப் பெரிதாக்க வேண்டி வரும், அந்தத் தழும்பை எந்த ரெலிக் வேலையும் மறைக்காது. திரும்ப மாட்டும்போது மரையில் கொஞ்சம் மெழுகு தடவுங்கள்.

சேடிலின் உயரத் திருகுகளில் நடப்பது இன்னும் மோசம். அங்குல அளவுச் சேடிலுக்கு 0.050 அங்குல அலென் கீ வேண்டும், மெட்ரிக் சேடில்கள் பலவற்றுக்கு 1.5 மி.மீ. கையில் கிடைத்த கீயைச் செருகி முறுக்கினால் துருப்பிடித்த அறுகோணக் குழி வட்டமாகிவிடும். சேடிலைக் கழற்றித் தனியே வைத்து, ஊடுருவும் எண்ணெய் ஒரு சொட்டை ஊசியால் விட்டு ஒரு இரவு ஊற வையுங்கள். பிரிட்ஜ் உடலில் இருக்கும்போதே ஸ்ப்ரே அடித்தால், லாக்கர் உரிந்த இடத்தில் மரம் எண்ணெயைக் குடித்துக் கறுத்துப்போகும்.

லாக்கர் விஷயத்தில் சிலவற்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும். மாஸ்கிங் டேப்பை உரிந்த விளிம்பின் மேல் ஒட்டாதீர்கள், எடுக்கும்போது லாக்கரும் சேர்ந்து வரும். ஆல்கஹால், அசிட்டோன் இரண்டையும் உடல் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பாட்டுக்குக் கான்டாக்ட் கிளீனர் அடிப்பதானால் பிக்கார்டைத் தூக்கி உடலைவிட்டு விலக்கி அடியுங்கள். நட்டை மாற்றுவதாக இருந்தால், அதைச் சுற்றி லாக்கர் சேரும் கோட்டைக் கூரிய பிளேடால் கீறிவிட்ட பிறகே தட்டி எடுக்க வேண்டும். கீறாமல் தட்டினால் தலைப்பக்கத்தில் ஒரு சில்லு பெயர்ந்து விழும்.

ஓம் எண்ணைப் பார்த்துப் பிக்கப் தேர்ந்தெடுப்பது

விளம்பரத்தில் 7 கிலோ ஓம், 8 கிலோ ஓம் என்று போட்டிருப்பதை வலிமையின் அளவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது ஒயரின் மின்தடை மட்டுமே. 43 கேஜ் (ஒயரின் தடிமன் எண்) ஒயர் 42 கேஜை விட மெல்லியது, அதே எண்ணிக்கைச் சுற்றுக்குத் தடை கூடுதலாகக் காட்டும். வெவ்வேறு கேஜில் சுற்றிய இரண்டு பிக்கப்புகளை இந்த எண்ணால் ஒப்பிடுவதில் பொருளில்லை. ஹென்றியில் சொல்லப்படும் இன்டக்டன்ஸ் நம்பகமான குறிப்பு. பழைய பாணி ஸ்ட்ராட் பிக்கப் 2 முதல் 3 ஹென்றிக்குள் இருக்கும், பழைய பாணி ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) 4-ஐ ஒட்டி இருக்கும். எண் ஏற ஏறக் குரல் தடித்து மேல் ஒலி மங்கும்.

காந்தங்களின் ஏற்ற இறக்கமும் முக்கியம். பழைய பாணியில் ஜி கம்பிக்கான காந்தம் உயர்ந்து நிற்கும். அந்தக் காலத்தில் ஜி கம்பி மேலே ஒயர் சுற்றிய கம்பி, அது மெலிவாக ஒலித்ததால் காந்தத்தை அருகில் கொண்டுவந்தார்கள். இன்று சுற்றில்லாத ஜி கம்பி போடுவதால் அது மட்டும் மற்றவற்றை அமுக்கிக் கத்தும். "அசலைப் போலவே" என்ற ஆசையில் ஏற்ற இறக்கமுள்ளதை வாங்கிவிட்டு, பிறகு காந்தத்தைக் கட்டை விரலால் அமுக்கி இறக்கப் பார்க்கிறார்கள். ஃபெண்டர் பாணிப் பிக்கப்பில் ஒயர் காந்தத்தின் மேலேயே நேராகச் சுற்றப்பட்டிருக்கும். காந்தம் நகர்ந்தால் உள்சுற்று அறுந்துவிடும், பிக்கப் அதோடு போயிற்று. ஜி கம்பி உறுத்தினால் சமதளக் காந்தம் உள்ளதை வாங்குங்கள்.

மூன்று பிக்கப்பில் ஒன்றை மட்டும் மாற்றுகிறவர்கள் ஃபேஸை (சைகையின் திசை) சோதிக்க வேண்டும். பழையதும் புதியதும் எதிர் ஃபேஸில் இருந்தால் இரண்டையும் சேர்த்துப் போடும்போது அடிக்குரல் காணாமல் போய், மூக்கடைத்த ஒலிதான் வரும். சோதனை எளிது: மல்டிமீட்டரை 20 கிலோ ஓமில் வைத்து பிக்கப்பின் இரு ஒயரில் இணையுங்கள், ஸ்க்ரூடிரைவரைக் காந்தத்தின் மேல் வைத்துச் சட்டென்று தூக்குங்கள். எண் ஒரு கணம் ஏறும் அல்லது இறங்கும். எல்லாப் பிக்கப்பும் ஒரே பக்கம் நகர்ந்தால் சரி. மாறி நகர்ந்தால் அந்த ஒன்றின் இரு ஒயரையும் இடம் மாற்றிப் பற்றவைத்தால் தீர்ந்தது.

ஹம்பக்கர் வாங்கினால் கம்பி இடைவெளியைப் பாருங்கள். கிப்சன் பாணிக்கு 49–50 மி.மீ., ஃபெண்டர் பாணிப் பிரிட்ஜுக்கு 52 மி.மீ. வாக்கில். உயரத் திருகுகளின் மரை அங்குலத்திலும் மெட்ரிக்கிலும் வரும். துருப்பிடித்த பழைய திருகு அழகாக இருக்கிறதே என்று புதுப் பிக்கப்பில் முறுக்கினால் மரை அழியும்.

பாட், கெப்பாசிட்டர், சால்டரிங்

செலவு குறைவாகவும் பலன் தெளிவாகவும் கிடைப்பது இங்கேதான். 250 கிலோ ஓம் என்று எழுதியிருக்கும் பாட் உண்மையில் 200-லிருந்து 300 வரை எதுவாகவும் இருக்கலாம், 20 சதவீத ஏற்ற இறக்கம் வழக்கமானது. ஆகவே மாற்றும் முன் ஏற்கெனவே உள்ளதை அளந்து பாருங்கள், ஒரு பக்க ஒயரையாவது பிரித்துவிட்டு. 200 காட்டினால் மந்தத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது. சிங்கிள் காயிலுக்கு (ஒற்றைச் சுருள் பிக்கப்) 250, ஹம்பக்கருக்கு 500 என்பது பொது வழக்கம். சிங்கிள் காயிலில் 500 போட்டால் 'திறந்த ஒலி' என்று சிலர் பாராட்டுவார்கள், பெரும்பாலோருக்குக் காதைக் கீறும்.

பாட்டின் துளை அளவைப் பார்க்காமல் வாங்குவது அடுத்தது. அமெரிக்க வகைப் பெரிய பாட்டுக்கு 9.5 மி.மீ. துளை வேண்டும், மினி பாட்டுக்கு 7 மி.மீ. போதும். தண்டின் பற்கள் 24, 18 என்று இரு வகை. பழசாக்கிய நாபைப் (குமிழை) பொருந்தாத தண்டில் அழுத்தினால் விண்டுபோகும்.

கெப்பாசிட்டரில் மதிப்புதான் பேசும்: 0.022 மைக்ரோஃபாரட் போட்டால் டோனைக் குறைக்கும்போது குரல் கொஞ்சம் மிஞ்சும், 0.047 போட்டால் இன்னும் அடைபடும். எண்ணெய்த் தாள் வகை, 600 வோல்ட் என்பதற்கெல்லாம் கொட்டிக் கொடுப்பது வீண். இந்த மின்சுற்றில் ஓடுவது பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்கும் கீழே. வால்யூமைக் குறைத்தால் மேல் ஒலி செத்துப்போகிறதென்றால் 1200 பிகோஃபாரட் கெப்பாசிட்டரையும் 130 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் தொடராக இணைத்து, வால்யூம் பாட்டின் உள்வரும் காலுக்கும் நடுக்காலுக்கும் இடையில் வையுங்கள். பிக்கப் மாற்றத்தைவிட இது சிலருக்கு அதிகத் திருப்தி தரும்.

சால்டரிங்கில் 15 வாட் அயர்ன் போதாது. பாட்டின் முதுகு சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், ஈயம் உருண்டு நிற்குமே தவிரப் பிடிக்காது. 40 வாட்டுக்கு மேல், உளி முனை, ரோசின் உள்ள 60/40 ஈயம். குழாய் வேலைக்கான அமில ஃப்ளக்ஸ் கூடவே கூடாது. முதுகைச் சுரண்டிவிட்டுப் பற்றவையுங்கள். ஐந்து வினாடியில் பிடிக்காவிட்டால் எடுத்து ஆறவிடுங்கள், தொடர்ந்து சூடு காட்டினால் உள்ளிருக்கும் கார்பன் தடம் கெடும். உடலை மூடத் தடித்த துணி அவசியம். பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயர் அறுந்திருந்தால் கம்பியைத் தொட்டாலும் இரைச்சல் அடங்காது, மூடும் முன் மல்டிமீட்டரால் பாருங்கள். துருப்பிடித்த பிரிட்ஜ் தகட்டுக்கு அடியில் அந்த ஒயர் படும் இடத்தை மட்டும் பளபளவென்று சுரண்டுவது நல்லது.

அளக்காமல் பிரிட்ஜும் ட்யூனரும் வாங்குவது

ஆறு திருகு பிரிட்ஜில் வெளித் திருகுகளுக்கு இடையே 56.4 மி.மீ. இருப்பது பழைய ஃபெண்டர் அளவு. 52.5-லும் 54-லும் கூடப் பல கிட்டார்கள் உண்டு. எஃகு பிளாக் (பிரிட்ஜின் அடியில் உடலுக்குள் இறங்கும் உலோகக் கட்டி) வாங்குகிறவர்கள் உடலின் தடிமனையும் அளக்க வேண்டும், மெல்லிய உடலில் முழு நீள பிளாக் பின்பக்கம் துருத்தும். துத்தநாகத்திலிருந்து எஃகுக்கு மாறினால் ஒலி மாறும்தான், ஆனால் நட்டும் செட்டப்பும் தரும் வித்தியாசத்தை எதிர்பார்க்காதீர்கள். ட்யூனரில் பழைய பாணிக்குத் துளை 8.7 மி.மீ., நவீன வகைக்கு 10 மி.மீ. துளையைப் பெரிதாக்கினால் பழைய ட்யூனர் திரும்ப உட்காராது. பழைய துளையிலேயே பொருந்தும் லாக்கிங் (கம்பியை இறுக்கிப் பூட்டும்) ட்யூனர்கள் கிடைக்கும்போது மரத்தில் கை வைப்பானேன்?

புதுப் பாகத்தை வீட்டில் துருவேற்றுவது

பளபளக்கும் புதுப் பிரிட்ஜ் தேய்ந்த உடலில் ஒட்டாது என்பது உண்மை. முலாம் வாங்கும்போதே குரோமை விட்டு நிக்கலைத் தேர்ந்தெடுங்கள். நிக்கல் கை வியர்வை பட்டுத் தானே மங்கும், குரோம் வருடக்கணக்கில் அப்படியே மின்னும். அமிலப் புகையில் காட்டியே தீருவேன் என்பவர்கள் சேடில், திருகு, தகடு ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்து, வெளியில், மூடிய டப்பாவில் செய்யட்டும். பிறகு சமையல் சோடா கரைத்த நீரில் அமிழ்த்திக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் தடவ வேண்டும். சோடா போடாமல் விட்டால் அரிப்பு கிட்டாரில் மாட்டிய பிறகும் தொடரும். ட்யூனர், பாட், ஜாக், ஸ்பிரிங் இவற்றை அமிலத்தில் காட்டவே கூடாது. ட்யூனரின் பல்சக்கரம் இறுகும், ஜாக்கில் தொடர்பு விட்டுவிட்டு வரும்.

மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்து, நடுவில் அதே ஆம்ப் அமைப்பில் அதே வரியை வாசித்துப் பதிவு செய்யுங்கள். இரண்டு பதிவையும் ஒரே ஒலி அளவுக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிடுங்கள், சத்தம் கூடியது எப்போதும் நல்லதாகவே காதில் விழும். பிரிக்கும் முன் ஒயரிங்கைப் படம் எடுங்கள், பிக்கப் ஒயரை வெட்டாமல் ஈயத்தை உருக்கி எடுங்கள். கழற்றிய பாகங்களைத் திருகுகளோடு பையில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். விற்கும் நாளில், ஆலை பழசாக்கிய அந்த அசல் துருவுக்குத்தான் வாங்குபவர் விலை பேசுவார்.