நிஞ்ஜா ஆமைகள்: புதிதாக வருபவர்கள் எங்கே தொடங்குவது?

அரையாண்டு லீவுக்கு அத்தை வீட்டுக்குப் போனால் எனக்காக இரண்டு காத்திருக்கும்: ஒரு டப்பா முறுக்கு, ஒரு ஆமை கேசட். டிவியில் செருகி ஆடுகிற வீடியோ கேம் பெட்டி அது. என்ன கம்பெனி என்று யாருக்கும் தெரியாது. கேசட்டைக் கழற்றி, வாய்கிட்டே வைத்து உஃப் என்று ஊதி, மறுபடி அழுத்தினால்தான் படம் வரும். (ஊதியதால் வரவில்லை, கழற்றி மாட்டியதில்தான் இணைப்பு சரியானது என்று பின்னாளில் படித்தபோது கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது.) படம் வந்தால் ஒரு கடற்கரை. மணலுக்குள்ளிருந்து முகமூடிக்காரர்கள் எழுந்து வருவார்கள். நாலு ஆமைகளில் ஒன்றாக நின்று அவர்களை அடிக்க வேண்டும்.

அந்த ஆமைகளின் முழுப்பெயர் டீனேஜ் மியூட்டன்ட் நிஞ்ஜா டர்டில்ஸ், அதாவது உருமாறி நிஞ்ஜா சண்டை கற்ற பதின்வயது ஆமைகள் என்று தெரியவே எனக்குச் சில வருடங்கள் ஆயின. நாங்கள் ஆடியது ஜப்பானிய கேம் கம்பெனி கொனாமி 1991-இல் வெளியிட்ட மூன்றாவது ஆமை கேம் என்பது அதற்கும் வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. இப்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, ஆமைகள் மட்டும் போகவில்லை. ஆபீஸில் ஒரு தம்பி, "அண்ணே, இதுல எங்க ஆரம்பிக்கிறது?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். காமிக்ஸ், கார்ட்டூன், கேம், சினிமா, பொம்மை என்று நாற்பது வருடச் சரக்கு குவிந்து கிடக்கிறது. பலரும் 1984-இன் முதல் காமிக்ஸில் தொடங்கி வரிசையாக வரச் சொல்வார்கள். அப்படி வந்தால் பாதி வழியில் விட்டுவிடுவீர்கள். அவனுக்குச் சொன்ன வரிசையை இங்கே எழுதி வைக்கிறேன்.

படி 1: நாலு பேரையும் ஆயுதத்தை வைத்து அடையாளம் காணுங்கள்

எல்லோரும் நிறத்தைத்தான் முதலில் சொல்லித் தருவார்கள். நீலக் கண்பட்டி லியோனார்டோ, சிவப்பு ரஃபேல், ஊதா டொனாடெல்லோ, ஆரஞ்சு மைக்கலாஞ்சலோ. சரிதான், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். அத்தை வீட்டு டிவி கறுப்பு வெள்ளை. எனக்கு நாலும் ஒரே சாம்பல் ஆமைதான். கையைப் பார்த்துத்தான் ஆளைக் கண்டுபிடிப்போம். இரண்டு கத்தி வைத்திருந்தால் லியோ. சிறிய சூலம் மாதிரி இரண்டு வைத்திருந்தால் ரஃப், அதற்குப் பெயர் சாய். நீளக் கம்பு டானி, நம் ஊர்ச் சிலம்பக் கம்பு மாதிரி. சங்கிலியில் கோத்த இரட்டைக் கட்டை மைக்கி, அதுதான் நஞ்சாக்கு. இந்த அடையாளம் உங்களுக்கு நாலாவது படியில் கைகொடுக்கும்.

குணமும் கூடவே வரும். லியோ தலைவன், பயிற்சி தவறாதவன். டானி எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டிருப்பான். மைக்கிக்குப் பீட்சாவும் விளையாட்டும். ரஃப் மட்டும் கதைக்குக் கதை மாறுவான். காமிக்ஸில் கோபக்காரன், பழைய கார்ட்டூனில் குத்தலாகப் பேசும் கிண்டல்காரன். எனக்குக் கோபக்கார ரஃபைத்தான் பிடிக்கும்.

படி 2: முதலில் விளையாடுங்கள்

படிப்பதற்கும் பார்ப்பதற்கும் முன்னால் கேம். காரணம் எளிது. அரை மணி நேரம் டானியாக ஆடினால் அவன் உங்கள் ஆள் ஆகிவிடுவான், அதற்கப்புறம் எந்தக் கதையிலும் அவனைத் தேடுவீர்கள்.

தொடங்க ஏற்றது 2022-இல் வந்த 'ஷ்ரெடர்ஸ் ரிவெஞ்ச்'. கனடாவின் மான்ட்ரியலில் உள்ள ட்ரிப்யூட் கேம்ஸ் செய்தது. பழைய கார்ட்டூனின் உலகத்தை அப்படியே எடுத்து, காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரக் காலத்துப் படங்களின் சாயலில் வரைந்திருக்கிறார்கள். ஒரே நேரத்தில் ஆறு பேர் வரை ஆடலாம்.

இப்படிச் செய்யுங்கள். ஸ்டோரி மோடைத் தேர்ந்தெடுங்கள், அதில் நீங்கள் முடித்த கட்டங்கள் சேமிக்கப்படும். ஆர்கேட் மோடில் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. ஆளாக டானியை எடுங்கள். மெதுவானவன்தான், ஆனால் கம்பு நீளம். எதிரி உங்களைத் தொடுவதற்கு முன்பே அடி விழுந்துவிடும். சுற்றிலும் யாரும் இல்லாத நேரம் பார்த்து, சீண்டும் பட்டனை அழுத்துங்கள். ஆமை ஏதாவது சேட்டை செய்யும், சிறப்பு அடிக்கான பட்டை நிரம்பிவிடும். சேட்டை முடிவதற்குள் யாராவது அடித்தால் போச்சு. புதிதாக ஆடுபவர்கள் இந்தப் பட்டனை வெறும் வேடிக்கை என்று நினைத்துத் தொடவே மாட்டார்கள்.

அது கைக்குப் பழகியதும் பழையவற்றுக்குப் போங்கள். அதே 2022-இல் வந்த 'கவாபங்கா கலெக்‌ஷன்' என்ற தொகுப்பில் கொனாமியின் 13 பழைய கேம்கள் இருக்கின்றன. தப்பு செய்தால் ரீவைண்ட் செய்துகொள்ளலாம். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதில் 'டர்டில்ஸ் இன் டைம்' கேமை விடாதீர்கள். அதன் சூப்பர் நின்டெண்டோ பெட்டிக்கான வடிவத்தில் எதிரியைப் பிடித்துத் திரைக்கு வெளியே, உங்கள் முகத்தை நோக்கியே வீசலாம். வெறும் அலங்காரம் என்று நினைப்பீர்கள். ஆனால் ஒரு கட்டத்தில் பெரிய வில்லன் ஷ்ரெடர் உங்களுக்கும் ஆமைகளுக்கும் நடுவே, முதுகைக் காட்டிக்கொண்டு இயந்திரத்தில் உட்கார்ந்திருப்பான். சாதாரண அடி எதுவும் அவனை எட்டாது. அவனுடைய ஆட்களையே பிடித்து அவன்மேல் எறிய வேண்டும். இதைக் கண்டுபிடித்தவர் மனதுக்கு ஒரு கும்பிடு.

1989-இல் வந்த முதல் நின்டெண்டோ கேம் ஒரு தனி ரகம். அதன் அணைக்கட்டுக் கட்டத்தில் தண்ணீருக்குள் நீந்தி எட்டு வெடிகுண்டுகளைச் செயலிழக்கச் செய்ய வேண்டும், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும், வழியெல்லாம் தொட்டால் ஷாக் அடிக்கும் கடற்பாசி. உலகம் முழுக்கப் பிள்ளைகள் கன்ட்ரோலரைத் தூக்கி எறிந்த இடம் இது. ஒரு வழி இருக்கிறது: நாலு ஆமைகளுக்கும் தனித்தனி உயிர்ப்பட்டை உண்டு. ஒருவனுக்குப் பட்டை குறைந்ததும் நிறுத்தி, அடுத்தவனை மாற்றி இறக்குங்கள். டானியை மட்டும் இங்கே செலவழித்துவிடாதீர்கள், பின்னால் அவன் வேண்டும்.

படி 3: கார்ட்டூனில் ஐந்தே ஐந்து பாருங்கள்

முதல் கார்ட்டூன் 1987 டிசம்பரில் ஐந்து பகுதிகளாக வந்தது. பிறகு நீண்டு நீண்டு 1996 வரை 193 பகுதிகள் ஆயிற்று. எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லும் ரசிகனை நம்பாதீர்கள். நானே பார்த்ததில்லை. முதல் ஐந்தும் ஒரே கதை. நிருபர் ஏப்ரல், எலி குரு ஸ்பிளின்டர், கத்தி பதித்த கவசக்காரன் ஷ்ரெடர், பெரிய உருண்டைக் கோட்டையான டெக்னோட்ரோம் எல்லாம் அதில் அறிமுகமாகிவிடும். டைட்டில் பாட்டை எழுதிய இருவரில் ஒருவர் சக் லோரி. பிற்காலத்தில் அமெரிக்க டிவி காமெடித் தொடர்களில் பெரிய ஆள் ஆனவர் அவரேதான்.

பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஷ்ரெடரின் முகமூடிப் படையினர் அத்தனை பேரும் ரோபோக்கள். கையில் கத்தி வைத்திருக்கும் ஒரு கதாநாயகனைக் குழந்தைகள் டிவியில் எப்படி அடிக்க விடுவது? வெட்டினால் ரத்தம் வரக் கூடாது, வயர்தான் வர வேண்டும். பிரிட்டனில் இதுவும் போதவில்லை. தலைப்பில் இருந்த 'நிஞ்ஜா'வை எடுத்துவிட்டு 'ஹீரோ' என்று போட்டார்கள், மைக்கியின் நஞ்சாக்கு வரும் காட்சிகளையும் வெட்டினார்கள்.

ஐந்து முடிந்த பின் மனம் கேட்டால் 2003 தொடருக்குப் போங்கள். மூலக் காமிக்ஸுக்கு நெருக்கமானது அதுதான். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் 2012-இல் தொடங்கிய கணினி வரைகலைத் தொடர்.

படி 4: இப்போது காமிக்ஸ்

இங்கே வந்துசேரத்தான் இவ்வளவு சுற்று.

1983 நவம்பரில், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் டோவர் என்ற சிற்றூரில் ஒரு வீட்டில் கெவின் ஈஸ்ட்மனும் பீட்டர் லேர்டும் உட்கார்ந்திருந்தார்கள். லேர்டைச் சிரிக்க வைக்க ஈஸ்ட்மன் ஒரு படம் கிறுக்கினார்: இரண்டு காலில் நிற்கும் ஆமை, கண்ணில் பட்டி, கையில் நஞ்சாக்கு. மேலே 'நிஞ்ஜா டர்டில்' என்று எழுதினார். லேர்ட் அதைத் திருத்தி வரைந்து முன்னால் 'டீனேஜ் மியூட்டன்ட்' என்று சேர்த்தார். வரித் துறையிலிருந்து திரும்பி வந்த பணத்தையும் ஈஸ்ட்மனின் மாமாவிடம் வாங்கிய கடனையும் போட்டு, 1984 மே மாதம் சுமார் 3,000 பிரதிகள் அச்சடித்தார்கள். பதிப்பகத்துக்கு மிராஜ் ஸ்டூடியோஸ் என்று பெயர். ஸ்டூடியோ என்று ஒன்று இல்லவே இல்லை, அதனால்தான் கானல் நீர் என்று பொருள் வரும் பெயர். அந்தத் தொடக்க இதழ்களில் மைக்கலாஞ்சலோவின் பெயரையே எழுத்துப்பிழையோடு அச்சடித்து, பல வருடங்கள் கழித்துத்தான் திருத்தினார்கள்.

அந்த முதல் இதழை மறுபதிப்பில் படியுங்கள். ஐடிடபிள்யூ என்ற அமெரிக்கப் பதிப்பகம் வெளியிட்ட 'அல்டிமேட் கலெக்‌ஷன்' முதல் தொகுதி சரியான தேர்வு, ஒவ்வொரு இதழின் முடிவிலும் ஈஸ்ட்மனும் லேர்டும் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். வண்ணம் சேர்த்த பதிப்பும் கிடைக்கும். வேண்டாம்.

திறந்ததும் தெரியும்: கறுப்பு வெள்ளை. நாலு ஆமைகளுக்கும் ஒரே பட்டி. அட்டையில் வண்ணம் இருந்தாலும் நாலுமே சிவப்புதான், ஆளுக்கொரு நிறம் கார்ட்டூனும் பொம்மைகளும் வந்தபோது சேர்ந்தது. முதன்முதலாக இந்தப் பக்கத்தைப் பார்த்தபோது நான் அத்தை வீட்டு டிவியின் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். அதே சாம்பல் ஆமைகள். கையைப் பார்த்தேன்: கம்பு. டானி!

பக்கத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். சுவரிலும் ஆமை ஓட்டிலும் நிழலாகத் தெரிவது மெல்லிய கோடுகள். டியோஷேட் என்ற ஒரு வகை அட்டையில் வரைந்தார்கள். அதில் கண்ணுக்குத் தெரியாத கோடுகள் முன்பே அச்சாகியிருக்கும். ஒரு ரசாயனத்தைத் தூரிகையில் தொட்டுத் தடவினால் அந்த இடத்தில் மட்டும் கோடுகள் வெளியே வரும். நியூயார்க் சந்துகளின் அழுக்கு முழுக்க இப்படித் தடவி எடுத்ததுதான்.

கதையிலும் அதிர்ச்சி உண்டு. ஸ்பிளின்டர் இங்கே, பழைய கார்ட்டூனில் போல, மனிதனாக இருந்து எலியானவர் இல்லை, ஹமாட்டோ யோஷி என்பவர் வளர்த்த எலி. எசமானரைக் கொன்றவனைப் பழிவாங்கவே ஆமைகளை வளர்க்கிறார். ஷ்ரெடர் முதல் இதழிலேயே செத்தும் போகிறான். கேமில் அத்தனை வருடம் நான் துரத்தியவன், நாற்பது பக்கத்தில் கதை முடிந்துவிடுகிறது.

அடுத்து, ஆமைக்கு ஒன்றாக வந்த தனி இதழ்கள். 1985-இல் வந்த ரஃபேல் இதழில் ஹாக்கி மட்டையோடு கேசி ஜோன்ஸ் அறிமுகமாகிறான், இருவரும் அடித்துக்கொள்கிறார்கள். 1986-இல் வந்த டொனாடெல்லோ இதழில், வரைந்ததெல்லாம் உயிர்பெறும் பென்சில் வைத்திருக்கும் கிர்பி என்ற ஓவியரை டானி சந்திக்கிறான். காமிக்ஸ் ஓவியர் ஜாக் கிர்பிக்குச் செய்த மரியாதை அது. இந்த நாற்பது வருடச் சரக்கில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் நான் இந்த இதழை எடுப்பேன்.

படி 5: முடிச்சுப் போடாதீர்கள்

"ஷ்ரெடர் செத்துட்டானே, அப்புறம் எப்படி?" என்று கேட்காதீர்கள். காமிக்ஸ் ஒரு உலகம், ஒவ்வொரு கார்ட்டூனும் வேறொரு உலகம். 2011-இல் ஐடிடபிள்யூ தொடங்கிய புதிய காமிக்ஸ் வரிசையில் ஆமைகள் யோஷியின் மகன்களாக முற்பிறவியில் வாழ்ந்தவர்கள். வான்மீகி ஒன்று சொல்வார், கம்பர் ஒன்று சொல்வார், ஊர்க் கூத்தில் ராமன் வேறு மாதிரி வருவான். நமக்குப் பழக்கம்தானே.

படி 6: வாங்கினால் பாதுகாக்க

1984-இன் முதல் அச்சைத் தேடிப் போகாதீர்கள். விலையும் எட்டாது, போலிகளும் உண்டு. மறுபதிப்புகளை வாங்கி நன்றாக வைத்துக்கொண்டால் போதும். தனி இதழ் என்றால் பிளாஸ்டிக் உறைக்குள் அமிலமில்லாத அட்டை வைத்துச் செருகுங்கள். படுக்கவைத்து அடுக்காமல் பெட்டியில் நிறுத்தி வையுங்கள். நம் ஊர் ஈரக்காற்றுக்கு சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, மழைக்காலம் முடிந்ததும் மாற்றுங்கள். மாதம் ஒருமுறை ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். கிழிந்தால் செலோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். நான் ஒரு அட்டையில் ஒட்டி, இப்போது லியோவின் முகத்தில் மஞ்சள் கோடு ஓடுகிறது.

சந்தேகம் வந்தால் முதல் மூன்று படிகளோடு நிறுத்திக்கொண்டு, கூட ஆட ஒரு ஆளைப் பிடியுங்கள். அத்தை மகன் இப்போது கோவையில் இருக்கிறான். மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு ஆன்லைனில் ஆறு பேர் அறையைத் திறந்து இரண்டு பேர் மட்டும் ஆடுவோம். டானியை அவன்தான் எடுப்பான். அப்போதும் அவன்தான் எடுப்பான், கேசட் அவனுடையது.