நின்ற நிலையில் கார் இன்ஜின் அதிர்ந்தால் முதலில் கவனிக்க வேண்டியவை

சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங்கும் இருக்கையும் அதிர்ந்தால், எந்தப் பாகத்தையும் மாற்றுவதற்கு முன், இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்று காட்டும் ஆர்.பி.எம். முள்ளைப் பாருங்கள். இன்ஜின் சூடான பின் பெரும்பாலான பெட்ரோல் கார்களில் அது 700 முதல் 850 வரை அசையாமல் நிற்க வேண்டும்.

முள் நிலையாக இருந்தும் அதிர்வு உள்ளே வந்தால், இன்ஜினைத் தாங்கும் மவுண்ட்டின் ரப்பர் வெடித்தோ தளர்ந்தோ இருக்கக்கூடும். ஆட்டோமேட்டிக் காரில் பிரேக்கை அழுத்தியபடி டி (டிரைவ்) கியரில் நிற்கும்போது அதிகமாகி, நியூட்ரலில் குறைகிற அதிர்வு இந்தச் சந்தேகத்தை வலுவாக்கும். மூன்று சிலிண்டர் இன்ஜின்களில் சிறிதளவு அதிர்வு இயல்பானதே என்பதால், வாங்கிய புதிதில் இருந்த நிலையோடு ஒப்பிடுவதே நியாயம்.

முள் ஏறி இறங்கினால், இன்ஜினுக்குள் செல்லும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் அழுக்கேறியுள்ளதா என்பதையும், காற்று கசியும் வேக்கம் குழாய்களையும் சோதிக்க வேண்டும். சீரான இடைவெளியின்றி உதறினால், ஒரு சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்று கருதலாம். பழுதுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரில் பி0301 என்று வந்தால் அது முதல் சிலிண்டர். இன்ஜினை அணைத்துவிட்டு, ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் அதன் இக்னிஷன் காயிலை இரண்டாவது சிலிண்டரின் காயிலோடு இடம் மாற்றிப் பொருத்திப் பாருங்கள். குறியீடு, இரண்டாவது சிலிண்டரைக் குறிக்கும் பி0302 என மாறினால் பழுது காயிலில்தான். மாறாவிட்டால் ஸ்பார்க் பிளக்கையும், அடுத்து பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையும் பாருங்கள். செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் நான்கு காயில்களையும் மாற்றச் சம்மதிக்காதீர்கள்.

இன்ஜின் எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் காரை மேலும் ஓட்ட வேண்டாம். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் சென்று, புகையைச் சுத்திகரிக்கும் விலை மிகுந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கருக்கிவிடும்.