ஜப்பானில் ஆங்கிலம் சொல்லித்தரப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எய்காய்வா எனப்படும் தனியார் ஆங்கிலப் பேச்சுப் பள்ளிகள் ஜப்பானிய நகரங்களில் ரயில் நிலையத்துக்கு ரயில் நிலையம் இருக்கின்றன. அங்கே வேலை கிடைத்துக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது உடையைப் பற்றித்தான். சூட் கட்டாயமா, தாடி வைத்திருக்கலாமா, மூக்குத்தியைக் கழற்றச் சொல்வார்களா? நியாயமான கேள்விகள். ஆனால் அவர்களிடமே ‘வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை?’ என்று திருப்பிக் கேட்டால், ‘29.5 என்று ஏதோ போட்டிருந்தது’ என்கிறார்கள். உடை விதி கண்ணில் படுகிறது, மணிக்கணக்கு படுவதில்லை. பணமும் காப்பீடும் கைவிட்டுப் போவது அந்த மணிக்கணக்கில்தான். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பாட நேரம்தான் வேலை நேரம் என்று நம்புவது

பெரியவர்கள் அலுவலகம் முடிந்து வருவதால் இந்தப் பள்ளிகள் பலவும் இரவு ஒன்பது மணி வரை ஓடும். சனிக்கிழமை கூட்டம் அதிகம், வார விடுமுறை வேறு நாளில் விழும். ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். மதியம் 1 மணிக்கு உள்ளே, இரவு 9 மணிக்கு வெளியே, நடுவில் 1 மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை. 40 நிமிடப் பாடங்கள் எட்டு. மொத்தம் 320 நிமிடம். வாரம் ஐந்து நாளுக்கு 26 மணி 40 நிமிடம். ஒப்பந்தத்தில் இந்த எண்தான் இருக்கும். ஆனால் இடைவேளையைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் நீங்கள் பள்ளியில் வேலையாக இருந்தது நாளுக்கு 7 மணி நேரம், வாரத்துக்கு 35 மணி நேரம்.

மீதி 8 மணி 20 நிமிடம் எங்கே போனது? அடுத்த மாணவரின் கோப்பைப் புரட்டியதில், முடிந்த பாடத்துக்குக் குறிப்பு எழுதியதில், பலகையைத் துடைத்ததில், வரவேற்பறையில் போய் மாணவர்களோடு கொஞ்சம் பேசுங்கள் என்று மேலாளர் அனுப்பியதில், இலவச மாதிரிப் பாடத்துக்கு வந்தவரைச் சேர்த்துவிடப் பேசியதில். இவற்றில் எதுவும் உங்கள் சொந்த வேலை இல்லை.

ஜப்பானியச் சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்பதற்கு ஒரு முக்கியமான தீர்ப்பு உண்டு. மிட்சுபிஷி ஹெவி இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தின் நாகசாகி கப்பல் கட்டும் தளத் தொழிலாளர்கள் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2000 மார்ச் 9 அன்று தீர்ப்புச் சொன்னது. முதலாளியின் கட்டளைக்குக் கீழ் இருக்கும் நேரம் வேலை நேரம்தான். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதி அதை மாற்ற முடியாது. அந்த வழக்கில் வேலையிடத்திலேயே சீருடையும் பாதுகாப்புக் கவசங்களும் அணியச் செலவான நேரமும் வேலை நேரமாகக் கணக்கில் வந்தது. வீட்டிலிருந்தே சூட் போட்டுக்கொண்டு வருவதற்கு இது பொருந்தாது. ஆனால் பத்து நிமிட இடைவெளியில் கட்டாயமாகக் குறிப்பு எழுத வேண்டும் என்றால், அந்தப் பத்து நிமிடத்தை ‘ஓய்வு’ என்று அட்டவணையில் போடுவது சரியில்லை. 6 மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் 45 நிமிடம், 8 மணி நேரத்துக்கு மேல் என்றால் 1 மணி நேரம் இடைவேளை தர வேண்டும். அது உங்கள் இஷ்டப்படி செலவிடும் நேரமாக இருக்க வேண்டும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை மணிக்கு வந்தாக வேண்டும், எத்தனை மணிக்குக் கிளம்பலாம்? மாணவர் கடைசி நேரத்தில் வராவிட்டால் அந்தப் பாடத்துக்குச் சம்பளம் உண்டா? பாடம் இல்லாத நேரத்தில் வெளியே போகலாமா? பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். வேலைக்கு எடுக்கும்போது சம்பளம், நேரம் போன்ற முக்கிய நிபந்தனைகளை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று தொழிலாளர் தரநிலைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்கிறது. அந்தத் தாளுக்கு ரோடோ ஜோகென் சூச்சிஷோ என்று பெயர். ‘ஒப்பந்தம் இருக்கிறதே, அந்தத் தாள் எதற்கு’ என்று பள்ளி சொன்னால், தாளில் இருக்க வேண்டிய விவரம் எல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

29.5 என்ற எண்ணைத் தாண்டிப் போய்விடுவது

அந்த அரை மணி நேரக் குறைவு தற்செயல் இல்லை. முழுநேர ஊழியரின் வேலை நேரத்தில் நான்கில் மூன்று பங்கு இருந்தால் ஷாகாய் ஹோகென், அதாவது உடல்நலக் காப்பீடும் ஓய்வூதியமும் சேர்ந்த திட்டத்தில் நிறுவனம் உங்களைச் சேர்க்க வேண்டும். வாரம் 40 மணி என்ற கணக்கில் அது 30 மணி. பிரீமியத்தில் பாதி நிறுவனத்தின் தலையில் விழும். அதைத் தவிர்க்கத்தான் பல பள்ளிகள் ஆண்டுக்கணக்கில் 29.5 என்று எழுதின.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது, இது பலருக்குத் தெரியவில்லை. வாரம் 20 மணி நேரத்தையும் மாதம் 88,000 யென்னையும் எட்டினால் சேர்க்க வேண்டும் என்ற விதி 2016 அக்டோபரில் பெரிய நிறுவனங்களுக்கு வந்தது. 2022இல் 100 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்களுக்கும், 2024 அக்டோபரில் 50 பேருக்கு மேல் உள்ளவற்றுக்கும் விரிந்தது. ஆகவே கிளைகள் பல வைத்திருக்கும் பள்ளி, 29.5ஐக் காட்டி ‘உங்களுக்கு ஷாகாய் ஹோகென் கிடையாது’ என்றால், காரணம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ‘காப்பீடு போட்டால் கையில் வரும் சம்பளம் குறைந்துவிடும்’ என்று சிலர் தாங்களே வேண்டாம் என்கிறார்கள். நோய் வந்து சில வாரம் படுத்தால்தான் அதன் அருமை புரியும். அந்தத் திட்டத்தில் நோய்க்கால உதவித்தொகை உண்டு, நகராட்சிக் காப்பீட்டில் சாதாரணமாக அது கிடையாது.

கியோமு இதாகு என்ற சொல்லைக் கவனிக்காமல் விடுவது

ஒப்பந்தத்தின் தலைப்பில் இந்தச் சொல் இருந்தால் நீங்கள் ஊழியர் இல்லை, தனியாகப் பணி எடுத்துச் செய்பவர் என்று பள்ளி சொல்கிறது. சம்பளத்தோடு கூடிய விடுப்பு, கூடுதல் நேரப் படி, வேலையிழப்புக் காப்பீடு எல்லாம் ஒரே சொல்லில் போய்விடும். 2024 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஃப்ரீலான்ஸ் சட்டம், நிபந்தனைகளை எழுத்தில் தருவது, 60 நாளுக்குள் பணம் தருவது போன்ற சில பாதுகாப்புகளைக் கொடுக்கிறது, அவ்வளவுதான். நேரத்தையும் இடத்தையும் பாடமுறையையும் உடையையும்கூடப் பள்ளியே தீர்மானிக்கிறது என்றால், பெயர் என்னவாக இருந்தாலும் நடைமுறையைப் பார்த்து உங்களை ஊழியர் என்று அதிகாரிகளோ நீதிமன்றமோ முடிவு செய்யலாம். ஆனால் அதை நிரூபிக்க நீங்கள்தான் அலைய வேண்டும். முதல் வேலையாக இதை எடுக்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

உடையைப் பற்றி நேர்காணலில் கேட்காமல் இருப்பது

இனி சூட். பெரியவர்களுக்கான பள்ளி என்றால் கறுப்பு, கருநீலம், சாம்பல் நிற சூட்தான் வழக்கம். குழந்தைகள் பிரிவில் பேன்ட்டும் பள்ளியின் சட்டையும் போதும் என்பவர்களும் உண்டு. ஊருக்கு ஊர் இல்லை, கிளைக்குக் கிளையே மாறும். ஒரே ஆசிரியர் மாலை நான்கு மணிக்குத் தரையில் உட்கார்ந்து ஐந்து வயதுப் பிள்ளைகளோடு பாட்டுப் பாடிவிட்டு, ஏழு மணிக்கு நிறுவன அதிகாரி ஒருவருக்கு வணிக ஆங்கிலம் எடுக்க வேண்டியிருக்கும். முட்டி தேய்ந்து பேன்ட் முதலில் போகும், கோட் புதிதாகவே இருக்கும். அதனால்தான் ஜப்பானிய சூட் கடைகளில் ஒரு கோட்டுக்கு இரண்டு பேன்ட் சேர்த்து விற்கிறார்கள். அதை வாங்குங்கள், வீட்டிலேயே துவைக்கும் வகையாக இருந்தால் இன்னும் நல்லது.

காலணியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். குழந்தைகள் வகுப்பறைகளில் வாசலிலேயே கழற்றிவிட்டுப் போவது சாதாரணம். கயிறு கட்டும் ஷூவும் ஓட்டை விழுந்த சாக்ஸும் அங்கே ஆகாது. ஆண்களுக்கு 28 சென்டிமீட்டருக்கு மேல், பெண்களுக்கு 25க்கு மேல் பாத அளவு என்றால் சாதாரணக் கடைகளில் தேடுவது சிரமம். கிளம்பும்போதே இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள்.

வாசனைத் திரவியத்தை மறந்துவிடுங்கள். சிறிய தடுப்பறைக்குள் ஒரு மேசைக்கு இருபுறமும் நாற்பது நிமிடம் உட்காரும் தொழில் இது. சென்ட், சிகரெட், பூண்டு எல்லாம் எதிரில் இருப்பவருக்கு அப்படியே போய்ச் சேரும். மாணவர் உங்களிடம் சொல்ல மாட்டார், வரவேற்பில் சொல்லிவிட்டுப் போவார். பச்சை குத்தியிருந்தால் மறைக்கச் சொல்வார்கள்.

கோடைக்கு ஒரு தனிக் கேள்வி உண்டு. சுற்றுச்சூழல் அமைச்சகம் 2005இல் தொடங்கிய கூல் பிஸ் இயக்கத்துக்குப் பிறகு, கோட்டும் டையும் இல்லாமல் கோடையைக் கடத்துவது அலுவலகங்களில் இயல்பாகிவிட்டது. ஆனால் அது பரிந்துரைதான், சட்டம் இல்லை. உங்கள் பள்ளி அதைப் பின்பற்றுகிறதா, எந்த மாதத்திலிருந்து என்று கேட்டுவையுங்கள். ஆகஸ்டில் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிடம் கோட்டோடு நடப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பெண்களிடம் குதிகால் உயர்ந்த காலணி கேட்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. நடிகையும் எழுத்தாளருமான யூமி இஷிகாவா 2019இல் இதை எதிர்த்துத் தொடங்கிய மனு ஆயிரக்கணக்கான கையெழுத்தோடு அரசிடம் போனது. 2020இல் ஜப்பான் ஏர்லைன்ஸ் தன் விமானப் பணிப்பெண்களுக்கு அந்தக் கட்டாயத்தை நீக்கியது. ஆகவே தட்டையான கறுப்புக் காலணி போதுமா என்று கேட்பது இப்போது அங்கே யாருக்கும் விசித்திரமாகத் தெரியாது.

தாடிக்கும் ஒரு தீர்ப்பு இருக்கிறது. தாடி வைத்திருந்ததற்காக மதிப்பீட்டைக் குறைத்தார்கள் என்று ஒசாகா சுரங்க ரயில் ஓட்டுநர்கள் வழக்குப் போட்டார்கள். 2019 ஜனவரியில் மாவட்ட நீதிமன்றமும் அதே ஆண்டு செப்டம்பரில் உயர் நீதிமன்றமும் அவர்கள் பக்கம் நின்றன. தாடி வேலை நேரம் முடிந்த பிறகும் முகத்தில் இருப்பது, அதனால் அது தனிப்பட்ட வாழ்க்கையையும் தொடுகிறது. மூக்குத்தியைப் பற்றி இப்படி ஒரு தீர்ப்பை எனக்குத் தெரிந்து காட்ட முடியாது. நேர்காணலிலேயே கேட்டுவிடுவதுதான் வழி. ‘தினமும் அணிவது, கழற்ற முடியாது’ என்று இயல்பாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளும் மேலாளர்கள் இருக்கிறார்கள். மறுத்தால், மறுப்பு பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும்.

அபராதத்தைக் கேள்வி கேட்காமல் கட்டுவது

டை கட்டவில்லை 10,000 யென், ஐந்து நிமிடம் தாமதம் 5,000 யென் என்று சம்பளத்தில் கைவைப்பதற்கு எல்லை உண்டு. விதிமீறலுக்காக ஒருமுறை பிடிப்பது சராசரி நாள் ஊதியத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது, மொத்தம் அந்த மாதச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது தொழிலாளர் தரநிலைச் சட்டத்தின் 91ஆம் பிரிவு. மாதம் 2,50,000 யென் வாங்குபவரிடம் ஒரு தடவைக்குச் சுமார் 4,100 யென்தான் பிடிக்க முடியும். அதுவும் ஷூக்யோ கிசோகு எனப்படும் பணிவிதிகளில் எழுதியிருந்தால்தான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அந்த விதிப் புத்தகம் இருந்தாக வேண்டும், நீங்கள் கேட்டால் பார்க்கக் கிடைக்க வேண்டும். ‘பாதியில் வேலையை விட்டால் இவ்வளவு லட்சம் யென்’ என்று முன்கூட்டியே தொகை எழுதிவைப்பதை 16ஆம் பிரிவு தடுக்கிறது.

விடுப்பிலும் இதே கதைதான். ஆறு மாதம் முடிந்து, வேலை நாட்களில் 80 சதவீதம் வந்திருந்தால், முழுநேர ஊழியருக்கு 10 நாள் சம்பளத்தோடு கூடிய விடுப்பு உண்டு. வெளிநாட்டவர், ஓராண்டு ஒப்பந்தம் என்று எந்த விலக்கும் இல்லை. தொழிலாளர் தரப்போடு ஒப்பந்தம் இருந்தால் பள்ளி சில நாட்களைத் தானே குறிக்கலாம், ஆனால் 5 நாளாவது நீங்கள் கேட்கும்போது எடுக்க இருக்க வேண்டும்.

வீடும் விசாவும் பள்ளியின் கையில் என்று பயப்படுவது

2007 அக்டோபர் 26 அன்று, அந்நாளில் நாட்டின் மிகப் பெரிய எய்காய்வா நிறுவனமான நோவா நீதிமன்றப் பாதுகாப்பு கேட்டு விழுந்தது. ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஆசிரியர்கள் சம்பளம் இல்லாமல் நின்றார்கள். பள்ளி ஏற்பாடு செய்த வீடுகளில் இருந்தவர்கள் சிலருக்கு இரட்டை அடி: வாடகையைச் சம்பளத்தில் பிடித்த நிறுவனம் வீட்டுக்காரருக்குக் கொடுக்காமல் விட்டிருந்தது. 2010இல் ஜியோஸ் என்ற இன்னொரு பெரிய பெயரும் விழுந்தது. ஆகவே முடிந்த அளவு சீக்கிரம் உங்கள் பெயரில் வீடு எடுங்கள். சம்பளம் ஒரு வாரம் தள்ளிப்போனாலே அதை எழுத்தில் கேளுங்கள். நிறுவனம் திவாலானால், பாக்கிச் சம்பளத்தில் 80 சதவீதத்தை வயதுக்கேற்ற உச்சவரம்புக்குள் முன்பணமாகத் தரும் அரசுத் திட்டம் இருக்கிறது.

விசா உங்களுடையது. பள்ளியை விட்டால் 14 நாளுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும், அதைத் தவறவிடாதீர்கள். மூன்று மாதத்துக்கு மேல் காரணமில்லாமல் சும்மா இருந்தால் விசாவைத் திரும்பப் பெற வாய்ப்பு உண்டு. ஆனால் ‘நீ போனால் உன் விசாவை ரத்து செய்துவிடுவேன்’ என்று சொல்லும் மேலாளருக்கு அந்த அதிகாரம் கிடையாது. பாஸ்போர்ட்டை யாரிடமும் ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று கொடுக்காதீர்கள்.

அப்புறம், உங்கள் நேரக் கணக்கை நீங்களே வையுங்கள். தினமும் உள்ளே வந்த நேரம், கிளம்பிய நேரம், பாடங்களின் எண்ணிக்கை என்று ஒரு வரி போதும். அட்டவணையை மாதாமாதம் படம் எடுத்து, சம்பளச் சீட்டோடு சேர்த்துவையுங்கள். சம்பள பாக்கியை மூன்று ஆண்டு வரை கோரலாம். தொழிலாளர் தரநிலை ஆய்வு அலுவலகத்தில் கட்டணம் கிடையாது, ஆங்கிலத்திலும் ஆலோசனை கிடைக்கும். அங்கே போகும்போது வாய்ச் சொல்லைவிட இந்தத் தாள்கள்தான் உதவும்.