கீழே அறுவை, மேலே வீடு: தொற்றுக் காலத்தில் ஒரே நாள் மூட்டு மாற்று

இடுப்பு மூட்டோ முழங்கால் மூட்டோ மாற்றினால் முன்பெல்லாம் ஒரு வாரம் ஆஸ்பத்திரிக் கட்டில்தான். இப்போது உடல் ஒத்துழைக்கும் ஆட்களுக்குக் காலையில் அறுவை, மாலையில் வீடு. கொரோனா போன்ற தொற்று ஓடும் நாட்களில் வார்டில் ஓர் இரவு குறைந்தாலும் லாபமே. ஆனால் ஊட்டி, குன்னூர், கோத்தகிரிக்காரர்கள் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். 'அன்றே வீடு' என்று டாக்டர் சொல்லும்போது அவர் மனதில் இருப்பது அரைமணியில் திரும்பி வரக்கூடிய வீடு. மலை ஏறிப் போகும் வீடு அல்ல.

ஆகவே கோவையில் அறுவை என்றால் முதல் இரண்டு இரவுக்குக் கோவையிலேயே தங்க இடம் பாருங்கள். சொந்தக்காரர் வீடானாலும் வாடகை அறையானாலும் தரைத்தளம், மேற்கத்திய கழிப்பறை இரண்டும் கட்டாயம். காரணம் எளிது. மூட்டைச் சுற்றிப் போட்ட மரப்பு மருந்து பன்னிரண்டு மணி முதல் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் விலகும். வலி உச்சத்துக்கு ஏறுவது பெரும்பாலும் அந்த இரவிலோ மறுநாளோதான். வாந்தி, தலைசுற்றல், கட்டு நனைவது, சிறுநீர் அடைப்பு எல்லாமே அந்த இரண்டு நாளைச் சுற்றித்தான் வரும். அந்த நேரத்தில் பர்லியாறு வளைவில் காருக்குள் இருந்தால் யாரும் எதுவும் செய்ய முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து குன்னூர் சாலை அடைபட்டால் கோத்தகிரி வழியாகச் சுற்ற வேண்டும். கல்லாறு பக்கம் யானை நின்றால் அது நகரும்வரை காத்திருக்க வேண்டும்.

யாருக்கு இது சரிவரும்

மாடி ஏறினால் பெரிதாக மூச்சு வாங்காதவர், இதயம், சிறுநீரகம், நுரையீரல் ஓரளவு நன்றாக இருப்பவர், ஹீமோகுளோபின் 12க்கு மேல், மூன்று மாதச் சர்க்கரை அளவு ஏழரை, எட்டுக்குள் இருப்பவர். பலமான குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நிற்கும் கோளாறு இருந்தால் ஓர் இரவு கண்காணிப்பில் இருப்பதே நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் மூன்று நாள் இரவும் பகலும் கூட இருக்கத் தெம்புள்ள ஒருவர் வேண்டும். எண்பது வயது மனைவியைத் துணை என்று கணக்குக் காட்டாதீர்கள்.

கொரோனா வந்து போனவர்கள் ஏழு வாரமாவது கழித்து அறுவை வைத்துக்கொள்வது நல்லது என்பது 2021 கால அறிவுரை. இப்போது எவ்வளவு நாள் என்று டாக்டரையே கேளுங்கள். அப்போது ஏழு வாரத்துக்குள் செய்தவர்களுக்கு நுரையீரல் சிக்கலும் உயிரிழப்பும் அதிகம் என்பதைப் பல நாட்டு நோயாளிகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வு காட்டியது. ஏழு வாரம் கடந்தும் மூச்சிரைப்போ களைப்போ விடவில்லை என்றால் இன்னும் தள்ளிப்போட வேண்டும். தடுப்பூசிக்கும் அறுவைக்கும் நடுவில் ஒரு வாரமாவது இருக்கட்டும். இல்லாவிட்டால் வந்த காய்ச்சல் ஊசியாலா, தொற்றாலா, புண்ணாலா என்று குழப்பம்.

கொரோனா அலை நாட்களில், மூக்கு, தொண்டைச் சளியில் கிருமியைத் தேடும் ஆர்டிபிசிஆர் பரிசோதனையை அறுவைக்கு 72 மணி நேரத்துக்குள் எடுக்கச் சொன்னார்கள். இப்போதும் கேட்டால், நோயாளிக்கு மட்டுமல்ல, துணைக்கும் எடுங்கள். பலர் தவறுவது இதற்குப் பிறகுதான்: சளி மாதிரி கொடுத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போவது, கூட்டமான பஸ்ஸில் கீழே இறங்குவது. மாதிரி கொடுத்த பிறகு ஒட்டிய தொற்று அந்தக் காகிதத்தில் தெரியாது. கொடுத்த நிமிடத்திலிருந்து வீட்டோடு இருந்து, தனி வண்டியில் முந்தின நாள் பகலிலேயே இறங்குங்கள்.

பாலிசி வைத்திருப்பவர்கள் இதையும் கவனியுங்கள். பல மருத்துவக் காப்பீடுகள் 24 மணி நேரம் படுத்திருந்தால்தான் பணம் தரும். அதைவிடக் குறைவான நேரத்துக்கு 'டே கேர்' என்று தனிப் பிரிவு உண்டு. மூட்டு மாற்று அதில் அடங்குமா என்று முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். போனில் சொன்ன 'ஆமாம்' பில் கட்டும்போது நிற்காது.

மேலே வீட்டில் செய்து வைக்க வேண்டியவை

வாசல் படிகளை எண்ணுங்கள். ஒவ்வொன்றின் உயரத்தையும் அளந்து, போட்டோ எடுத்து, பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். ஆஸ்பத்திரியில் பழகும் படி ஆறு அங்குலம். நம் ஊர்க் கல்படி ஒன்று ஏழு, அடுத்தது பத்து என்று இருக்கும், மேலே பாசி வேறு. பாசியைச் சுரண்டி, மணல் தூவுங்கள். கைப்பிடி இல்லையென்றால் ஒரு பக்கமாவது குழாய் அடித்துவையுங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். கைத்தடி எப்போதும் அறுவை செய்த காலோடு சேர்ந்து போகும்.

எஸ்டேட் தொழிலாளர் லைன் வீடுகளில் கழிப்பறை வெளியே இருக்கும், அதுவும் குந்தும் வகை. கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கும் கமோடு நாற்காலி ஒன்று வாங்கிவிடுங்கள். இடுப்பு மாற்றியவருக்கு, உட்காரும்போது முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்தே இருக்க வேண்டும். சராசரி உயரமுள்ளவருக்கு இருக்கை 18 முதல் 20 அங்குலம். பின்பக்கமாகத் திறந்து செய்த இடுப்பு என்றால் தொண்ணூறு பாகைக்கு மேல் குனிதல், கால் மேல் கால், பாதத்தை உள்பக்கம் திருப்புதல் மூன்றும் ஆறு வாரமாவது கூடாது. மறந்தால் மூட்டு நழுவும். வாக்கரின் பிடி, நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்புக்கு வர வேண்டும். அடியிலிருக்கும் ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள்.

விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டரை வாங்கியதும் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். ஆரோக்கியமானவருக்கே அளவு கீழ்நாட்டைவிட சில புள்ளி குறைவாகக் காட்டும். அறுவைக்கு முந்தின வாரம் தினமும் அளந்து எழுதிவைத்தால் உங்களுடைய இயல்பு எது என்று தெரியும். அது தெரியாதவர்கள் 94ஐப் பார்த்ததும் பதறுவார்கள், அல்லது மெள்ள இறங்கும் அளவை 'குளிருக்குத்தான்' என்று விட்டுவிடுவார்கள். விரல் சில்லென்று இருந்தால் கருவி தப்பாகக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத விரலில் ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள்.

தோலைப் பாருங்கள். அட்டைக்கடி, தேயிலைக் கவாத்தில் பட்ட கீறல், பாத வெடிப்பில் சீழ், சொத்தைப் பல் எதுவானாலும் கிருமி இரத்தத்தில் ஏறிப் புது மூட்டில் உட்காரும். ஒரு வாரம் முன்பே காட்டுங்கள். மேசைக்குப் போன பிறகு பார்த்தால் அறுவையையே ரத்து செய்வார்கள். காலை நீங்களே பிளேடால் மழிக்க வேண்டாம். முந்தின இரவும் அன்று காலையும் குளோர்ஹெக்ஸிடின் நான்கு சதவீதக் கரைசலால் குளியுங்கள்.

அன்றைய நாள்

காலையின் முதல் அறுவையாகப் போட்டுத்தரக் கேளுங்கள். பதினொரு மணிக்கு மேல் மேசைக்குப் போனால் மாலை வீடு என்பது அநேகமாக நடக்காது. திட உணவு ஆறு மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். பால் கலந்த டீயும் திட உணவுக் கணக்குத்தான். மலைக்காரர்கள் பலர் சறுக்குவது இதில். கட்டன் டீயும் தண்ணீரும் இரண்டு மணி நேரம் முன்புவரை ஆகும். சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிடுபவர்கள் மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். சர்க்கரை சரியாகக் காட்டும்போதே இரத்தத்தில் அமிலம் ஏற்றிவிடும் மருந்து அது. இரத்தம் உறையாத மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று டாக்டர் தேதி போட்டுச் சொல்லட்டும்.

முதுகில் போடுவது குறைந்த நேரம் வேலை செய்யும் மரப்பு ஊசி. இரத்தப்போக்கைக் குறைக்க டிரானெக்ஸாமிக் அமிலம், வாந்திக்கு முன்தடுப்பு, மூட்டைச் சுற்றி மரப்பு மருந்து. கால் அசைந்ததும், சில மணி நேரத்திலேயே நிற்க வைப்பார்கள். வீட்டுக்கு விடும் முன் வாக்கரோடு சுமார் 30 மீட்டர் நடக்க வேண்டும், நான்கு படி ஏறி இறங்க வேண்டும், சிறுநீர் கழிக்க வேண்டும், சாப்பிட்டது வயிற்றில் நிற்க வேண்டும், வலி மாத்திரைக்கு அடங்க வேண்டும். எழுந்ததும் கண் இருட்டினால், வயதான ஆண்களுக்கு ப்ராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் வராவிட்டால், இரவு அங்கேயே தங்கிவிடுங்கள். தோற்றதாக எண்ண வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் மலை ஏறும்போது

முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, சாய்த்து, ஒரு தலையணை போடுங்கள். இருக்கை மேல் பிளாஸ்டிக் பை ஒன்றை விரித்தால் உட்கார்ந்தபடியே வழுக்கித் திரும்பலாம். உட்கார்ந்ததும் பையை உருவிவிடுங்கள். ஏறும் முன் வாந்தி மாத்திரை. முக்கால் மணிக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி, இறங்கி, நான்கு அடி நடக்க வேண்டும். கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறையும் ஆபத்து இந்த அறுவைக்குப் பிறகு நிஜமானது. கொரோனாவும் உறைதலைத் தூண்டும். அதனால் எழுதிக்கொடுத்த ஆஸ்பிரினையோ வேறு மாத்திரையையோ ஒரு நாளும் விடக்கூடாது. முழங்காலுக்கு இரண்டு வாரம், இடுப்புக்கு ஐந்து வாரம்வரை எழுதுவது வழக்கம்.

வீட்டுக்குள் வந்ததும் குளிர். நம் ஊர்ப் பழக்கம் வெந்நீர்ப் பையும் கணப்புச் சட்டியும். அறுவைக் காலுக்கு இரண்டுமே வேண்டாம். தழும்பைச் சுற்றி மாதக்கணக்கில் உணர்ச்சி மந்தமாக இருக்கும். தோல் வெந்தாலும் உறைக்காது. ஜன்னல் சாத்திய அறையில் கரிக்கணப்பின் புகை உயிரையே எடுக்கும், அதுவும் வலி மாத்திரை போட்டு அசந்து தூங்குபவருக்கு. உடம்புக்குக் கம்பளி, முழங்காலுக்குத் துணியில் சுற்றிய ஐஸ், ஒரு தடவைக்கு 15 நிமிடம். ஊட்டிக் குளிரிலும் ஐஸ்தான். முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். சுகமாக இருக்கும், ஆனால் கால் மடங்கியே இறுகிவிடும். குதிகாலுக்கு அடியில் வையுங்கள். விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை கணுக்காலைப் பத்துத் தடவை ஆட்டுங்கள். இரண்டு வாரத்தில் முழங்கால் தொண்ணூறு பாகை மடங்க வேண்டும், நேராகவும் நீள வேண்டும்.

பார்க்க வருபவர்களை ஜன்னலுக்கு வெளியே நிறுத்துங்கள். ஹட்டியே (கிராமமே) திரண்டு வருவது அன்பால்தான், ஆனால் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு கட்டிலோரம் உட்காருவதும் அதே அன்புதான். ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போகட்டும்.

முதல் இரண்டு நாள் லேசான காய்ச்சல் சகஜம். அதற்குப் பிறகும் நின்றால், இருமலோடு வந்தால், கட்டு தொடர்ந்து நனைந்தால், புண்ணின் போட்டோ எடுத்து அறுவை செய்த டாக்டருக்கே அனுப்புங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும் உடனே கூப்பிடுங்கள். திடீர் மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, ஆக்சிமீட்டர் உங்கள் இயல்பைவிட நான்கு புள்ளி இறங்குவது என்றால் போட்டோ வேண்டாம், 108. எஸ்டேட்டில் எந்த மேட்டில் சிக்னல் கிடைக்கும் என்று முன்பே பார்த்துவையுங்கள்.

தையலுக்குப் பதில் போட்ட உலோகப் பின்களை (ஸ்டேப்பிள்) இரண்டு வாரத்தில் எடுக்க வேண்டும். அதற்காக இன்னொரு முறை கோவை போவது வீண் அலைச்சல், தொற்று நாளில் வீண் ஆபத்தும்கூட. குன்னூரிலோ கோத்தகிரியிலோ நர்ஸே எடுத்துவிடுவார், ஆனால் அதற்கான சிறு இடுக்கி எல்லாச் சின்ன கிளினிக்கிலும் இருக்காது. டிஸ்சார்ஜ் அன்றே ஒன்று கேட்டு வாங்கி, மாத்திரைப் பையில் போட்டுக்கொண்டு மேலே வாருங்கள்.