அமெரிக்காவில் லாரி ஓட்டப் புதிதாக வருவோருக்கான மருத்துவப் பரிசோதனை

முதலில், யாரிடம் போகிறீர்கள் என்று பாருங்கள். குடும்ப மருத்துவராகவே இருந்தாலும், இந்தப் பரிசோதனை செய்யத் தகுதி பெற்றவர்களுக்கான மத்திய அரசின் தேசியப் பதிவேட்டில் அவர் பெயர் இல்லையென்றால் அவர் தரும் சான்றிதழ் செல்லாது.

பலர் தடுக்கி விழுவது ரத்த அழுத்தத்தில்தான். 140/90-க்குக் கீழே இருந்தால் 2 ஆண்டுச் சான்றிதழ் கிடைக்கும். மேல் எண் 140–159 அல்லது கீழ் எண் 90–99 என்றால் 1 ஆண்டு. 160–179 அல்லது 100–109 என்றால், ஒரே ஒரு முறை 3 மாதச் சான்றிதழ். 180/110-ஐத் தொட்டால் இறங்கும்வரை ஓட்ட முடியாது. வழக்கமான மாத்திரையைக் காலையில் போட்டுக்கொள்ளுங்கள். காபியும் சிகரெட்டும் வேண்டாம். படியேறி வந்த மூச்சோடு கையை நீட்டாமல், 5 நிமிடம் சாய்ந்து உட்காருங்கள். எண் ஏறியிருந்தால் மீண்டும் அளக்கச் சொல்லலாம்.

பார்வை பொதுவாக ஒவ்வொரு கண்ணிலும் 20/40 வேண்டும் (நல்ல பார்வையுள்ளவர் 40 அடியில் படிப்பதை நீங்கள் 20 அடியில் படிக்க வேண்டும்), கண்ணாடியோடு இருந்தாலும் சரி. அதை வீட்டில் மறந்துவிட்டு வருகிறவர்கள் ஏராளம்! சிக்னல் நிறங்கள் மூன்றும் பிரித்துத் தெரிய வேண்டும். செவிக்கு, 5 அடி தூரத்தில் கிசுகிசுப்பது கேட்டால் போதும். காது மெஷின் போடலாம்.

சிறுநீரில் பார்ப்பது சர்க்கரை, புரதம், ரத்தம். போதைப்பொருள் சோதனை தனி. கஞ்சா உங்கள் மாநிலத்தில் சட்டப்படி சரியென்றாலும் இங்கே தோல்விதான்.

இன்சுலின் போடுபவர்கள் 3 மாதச் சர்க்கரை அளவுப் பதிவைச் சிகிச்சை தரும் மருத்துவரிடம் காட்டி, அவர் நிரப்பிய MCSA-5870 என்ற இன்சுலின் மதிப்பீட்டுப் படிவத்தை எடுத்துச் செல்ல வேண்டும். அவர் கையெழுத்திட்டு 45 நாள் தாண்டினால் படிவம் செல்லாது.